16 வயதில் பிரதேச சபை வாக்கு: மலையகப் பிள்ளைகளுக்காகக் கேட்போமா?

கொட்டகலை டீச்சர்

வாக்களிக்கும் வயதை 16ஆகக் குறைப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், அது ஐரோப்பியர்களின் சங்கதி என்று நம்மவர்கள் கையை உதறிவிடுகிறார்கள். பிரித்தானிய அரசாங்கம் 2025 ஜூலையில் அந்தத் திட்டத்தை அறிவித்தபோதும் இங்கே யாரும் அதை நம்முடைய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இலங்கையில் வேறு எவரையும்விட, தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலையகத்துக்குத்தான் இந்த மாற்றம் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாத் தேர்தலுக்கும் கேட்கவில்லை. ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் இப்போதைக்கு 18லேயே இருக்கட்டும். ஊர்ப்புறத்து உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு மட்டும் 16 வயது நிறைந்தவர்கள் வாக்களிக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். பதினாறு வயதில் நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பதினெட்டில் இருப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு பையன்கள் பலர் புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். முதல் வாக்கு கிடைக்கும் வயதில் பெயர் தோட்டத்து வாக்காளர் இடாப்பில் இருக்கிறது, ஆள் கொழும்பில் இருக்கிறார். முதல் தேர்தலைத் தவறவிட்டவருக்கு இரண்டாவதைத் தவறவிடுவது இன்னும் எளிதாகிவிடுகிறது. அடுத்த முறை அவரைப் பற்றி எந்த வேட்பாளரும் கவலைப்படுவதில்லை.

ஏன் பிரதேச சபை? பாடசாலைக்குப் போகும் பாதை, தெருவிளக்கு, நூலகம், விளையாட்டு மைதானம், குப்பை, வடிகான். இவற்றில் எதைப் பற்றிப் பேச ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தகுதி இல்லை? 2018 வரை தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவிட பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தோடு அது நீங்கியது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் பிறந்தன. சபை இப்போது நம் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலில் நிற்கிறது. அதனிடம் கேள்வி கேட்கும் வயதில் இருப்பவர்கள்தான் ஊரில் இல்லை.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். எதிர்ப்பவர்களும் எழுதுங்கள்.

மஸ்கெலியாக்காரன்

டீச்சர், உங்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். இது லயத்தில் வாக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை மறந்துவிட்டு எழுதியது போல இருக்கிறது.

நான் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்கிறவன். எந்தக் கட்சி எந்தத் தொழிற்சங்கத்தின் கட்சி என்று எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளச் சீட்டிலேயே சந்தா கழிகிறது. தேர்தல் வந்தால் சங்கத்தின் தோட்டத் தலைவர் லயம் லயமாக வருவார். "உன் வீட்டில் நாலு வாக்கு, நாலும் நமக்குத்தானே" என்பார். அப்பா தலையாட்டினால் வீடே தலையாட்டியதாகக் கணக்கு. முதல் நாள் இரவு போத்தல் வரும், அரிசி மூட்டை வரும், கூரைத் தகரம் தருவதாக வாக்குறுதி வரும். நாற்பது வயது மனிதரே இதற்கு வளைகிறார். பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தால் பிள்ளையின் கை ஓங்காது. தலைவரின் கணக்கில் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கூடும், அவ்வளவுதான். தலைவரோடு பகைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். வேலைக் கணக்கு, கடன் விண்ணப்பம், வீட்டுத் திட்டத்தில் பெயர் என்று எல்லாவற்றிலும் அது எதிரொலிக்கும். அந்தப் பயத்தைப் பிள்ளையின் தலையிலும் ஏற்றப் போகிறீர்களா?

முதலில் சங்கத்தின் பிடியிலிருந்து வாக்கை விடுவியுங்கள். வயதைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

பொகவந்தலாவைப் பேத்தி

மஸ்கெலியா அண்ணா சொல்வதில் பொய் இல்லை. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். ஆனால் "இன்னொருவர் சொல்வதைக் கேட்டுப் போடுவார்கள்" என்ற காரணத்தால் ஒருவருக்கு வாக்கை மறுக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று நாம்தான் நன்றாக அறிவோம்.

1931இல் இந்த நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. அதைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழுகூட, ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்றுதான் முதலில் எழுதியது. பின்னர்தான் இருவருக்கும் 21 ஆனது. தோட்டத் தமிழர்களுக்கு அப்போதே வேறு நிபந்தனைகள் போட்டார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் படிப்போ சொத்தோ காட்ட வேண்டும். அத்தனையையும் தாண்டி இடாப்பில் ஏறிய நம் மக்கள் 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தோட்டத் துரையின் தயவில் லயத்தில் வாழ்ந்தவர்கள் போட்ட வாக்குகள் அவை. அடுத்து என்ன நடந்தது? 1948இல் நம் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம். நம் பெயர்கள் இடாப்பிலிருந்து போயின.

இந்த விவாத இழைக்கு வேண்டிய விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த நாட்டில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 1959இல். 1960 மார்ச் பொதுத் தேர்தலில் 18 வயது இளைஞர்கள் முதல்முறை வாக்களித்தார்கள். அந்த நாளில் என் அப்பாயிக்கு 28 வயது. இரண்டு பிள்ளைகளின் தாய், பத்து வயதிலிருந்து மலையில் கொழுந்து பறித்தவர், இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருக்கு வாக்கு இல்லை. அவர் பறித்த கொழுந்தால் வந்த வருமானத்தில் நடந்த நாட்டில், நகரத்துப் பள்ளியை அப்போதுதான் விட்ட பையனுக்கு வாக்கு இருந்தது. இளைஞர்களுக்கு வாக்குக் கொடுப்பது முற்போக்கு என்று நாடு கொண்டாடியபோது நம்மில் பெரியவர்களுக்கே அது கிடையாது.

அப்பாயியின் பெயர், நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இடாப்பில் ஏறியது. முதல் வாக்கைப் போட்டது 1994 பொதுத் தேர்தலில். வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை முந்தானையில் முடிந்துகொண்டு, திருவிழாவுக்கு உடுத்தும் சேலையில் போனார். விரலில் பூசிய மையைப் பல நாட்கள் தேய்க்கவே இல்லை என்று அத்தை சொல்வார். எனக்கு இந்த விவாதத்தில் இருக்கும் ஒரே கேள்வி இதுதான்: கடந்த முறை வயது குறைந்தபோது நாம் வரிசையிலேயே இல்லை. இந்த முறை நாமே முதலில் கேட்டால் என்ன?

கண்டிச் சட்டத்தரணி

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை வாக்குரிமையை 18 வயது நிறைந்த பிரஜைகளுக்கு உரியதாகச் சொல்கிறது. ஆனால் அங்கே பெயர் குறித்துச் சொல்லப்படுபவை மூன்று: ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், மக்கள் தீர்ப்பு. உள்ளூராட்சி அந்த வரிசையில் இல்லை. எனவே டீச்சர் கேட்கும் அளவுக்கு மட்டும் கேட்டால், அரசியலமைப்பைத் தொடாமல், உள்ளூராட்சித் தேர்தல்கள் கட்டளைச் சட்டத்தையும் 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தையும் திருத்தினால் போதும் என்று வாதாட இடம் இருக்கிறது. இது என் வாசிப்பு. உயர் நீதிமன்றத்தில் எதிர்வாதம் நிச்சயம் வரும். பாராளுமன்றத் தேர்தலுக்கும் வயதைக் குறைப்பதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இல்லாமல் நடக்காது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். "பதினெட்டில் வாக்கு" என்பது தாளில் மட்டும்தான் பதினெட்டு. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் 2018ஆம் ஆண்டு இடாப்பின்படி நடந்தது. அந்த இடாப்புக்கான தகுதித் திகதி ஜூன் 1. அதற்கு மறுநாள் 18 நிறைந்தவர் தேர்தல் நாளில் 19 வயதுக்காரர், ஆனாலும் வாக்கு இல்லை. அவர் தன் முதல் ஜனாதிபதி வாக்கைப் போட்டது 2024 செப்டெம்பரில், 24 வயதில்.

உள்ளூராட்சியில் நிலைமை இன்னும் மோசம். 2018 பெப்ரவரி 10இல் தேர்தல் நடந்தது. அடுத்தது 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. அதை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6இல்தான் நடந்தது. 2018இல் 17 வயதாக இருந்த பிள்ளை பிரதேச சபைக்கு முதல் வாக்குப் போடும்போது 24 வயதைக் கடந்துவிட்டது. மத்திய மாகாண சபையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2013 செப்டெம்பரோடு சரி.

16 என்று ஆக்கினால் இந்த இழுத்தடிப்பு தீராது. ஆனால் வீட்டில் இருக்கும் வயதில் ஒரு தேர்தலாவது அகப்படும் வாய்ப்பு இரண்டு ஆண்டு கூடுகிறது. நான் இதை ஆதரிப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

உயர்தர மாணவி, இராகலை

எனக்கு 17 வயது. எங்களைப் பற்றிப் பேசும் இழை என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எங்கள் டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு வர ஒரு மண்பாதை. நடுவில் ஒரு சிறு பாலம். பாலத்தின் ஒரு ஓரம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதியில் இரண்டு பலகை போட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க நானும் தம்பியும் டோர்ச் அடித்துக்கொண்டு அதில் நடக்கிறோம். மழைக் காலத்தில் பலகை வழுக்கும். ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் தம்பி. வீதிக்கு வந்து கால் கழுவிச் சப்பாத்தைப் போடுவோம்.

போன வருடம் பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு வேட்பாளர் வீட்டுக்கு வந்தார். "இந்த வீட்டில் எத்தனை வாக்கு?" என்று கேட்டார். "மூன்று" என்றார் அப்பா. அப்பா, அம்மா, அப்பாயி. அந்த மூன்று பேரிடமும் கைகூப்பிப் பேசிவிட்டுப் போனார். பாதையைப் பற்றி அப்பா எதுவும் கேட்கவில்லை, கூரைத் தகரம் பற்றித்தான் கேட்டார். அப்பா மலைக்குப் போவது வேறு பக்கம். அந்தப் பாலத்தில் தினமும் நடக்கும் நாங்கள் இருவரும் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தோம். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. வாக்குச்சீட்டு, வாக்குப் பெட்டி, முகவர்கள் எல்லாம் வைத்து நடத்தினோம். நான் போட்டியிட்டேன். என் நெருங்கிய தோழி எனக்குப் போடவில்லை என்று அவளே சொன்னாள். நான் சொன்ன திட்டத்தைவிட மற்றவர் சொன்ன நூலகத் திட்டம் பிடித்ததாம். எங்கள் நட்பு போகவில்லை. நாங்கள் யார் சொன்னாலும் தலையாட்டுவோம் என்று மஸ்கெலியா மாமா நினைக்க வேண்டாம்.

அப்புத்தளை அப்பா

மகள் அழகாக எழுதியிருக்கிறாய். ஆனாலும் நான் எதிர்ப்பக்கம்தான். என் கவலை வேறு.

18 வயது வரை ஒருவர் சிறுவர் என்பதுதான் இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் அடிப்படை. அந்த வேலிக்குள் நம் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றவே படாத பாடுபடுகிறோம். படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பாதே, வீட்டு வேலைக்கு விடாதே, சின்ன வயதில் கலியாணம் கட்டாதே என்று லயம் லயமாகச் சொல்லி வருகிறோம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியதே 2021இல்தான். "வாக்குப் போடும் அளவுக்கு வளர்ந்தவன், வேலைக்குப் போனால் என்ன?" என்று ஒரு தரகர் கேட்டால் அந்தப் பெற்றோர் என்ன பதில் சொல்வார்கள்?

அடுத்தது, கட்சிகள் பாடசாலைக்குள் நுழையும். பத்தாம், பதினோராம் தரத்தில் வாக்கு இருக்கிறது என்றால், வேட்பாளர் விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக வருவார், புத்தகப் பை கொடுப்பார், ஆசிரியரை இடமாற்றம் காட்டி மிரட்டுவார். இடமாற்றத்துக்கு அரசியல்வாதியின் வாசலில் நிற்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இல்லையா?

வெளிநாட்டு உதாரணம் சொல்கிறவர்கள் நோர்வேயையும் பார்க்க வேண்டும். 2011இலும் 2015இலும் சில நகராட்சிகளில் 16 வயதினரை உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க விட்டுப் பார்த்தார்கள். நாடு முழுவதற்கும் அதை விரிவாக்கவில்லை. வளர்ந்த நாடே நிதானிக்கிறது.

கொட்டகலை டீச்சர்

அப்புத்தளை அண்ணா, பாடசாலை பற்றி நீங்கள் எழுதியது என்னைச் சுட்டது. நானும் அதே அச்சத்தோடுதான் வேலை செய்கிறேன். வாக்கு இல்லாத இன்றைக்கே கட்சிக்காரர்கள் பாடசாலைக்குள் வருகிறார்கள், பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கொடி பிடிக்க வைக்கிறார்கள். பிள்ளையிடம் வாக்கு இல்லாததால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எந்த வேட்பாளரும் பாடசாலை வளவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அதே சட்டத்திருத்தத்தில் எழுத வேண்டும். இதை நான் கோரிக்கையிலேயே சேர்த்துவிடுகிறேன்.

வேலை வயதோடு முடிச்சுப் போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வாக்களிப்பதால் பிள்ளையின் பாதுகாப்பு குறையாது. நீங்கள் சொன்ன அதே சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்கிறது. மாணவி எழுதிய அந்தப் பாலம் அவளைப் பாதிக்கும் விஷயம் இல்லையா?

நோர்வே செய்தது சோதனை. நான் கேட்பதும் உள்ளூர் மட்டத்தோடு நிற்கும் ஒன்றைத்தான். ஜெர்மனியில் லோயர் சாக்சனி மாநிலம் 1996இல் உள்ளூராட்சித் தேர்தலில் 16 வயதினருக்கு வழிவிட்டது. ஆஸ்திரியாவிலும் முதலில் சில மாநிலங்களின் உள்ளூர்த் தேர்தல்களில் பார்த்த பிறகே 2007இல் தேசியத் தேர்தலுக்கு 16 என்று ஆக்கினார்கள். அங்கே 16, 17 வயதினர் 18 முதல் 20 வயதினரைவிடக் கூடுதலாக வாக்களித்ததாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காரணம் நமக்குப் புரியாததல்ல. அந்த வயதில் பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், பள்ளியில் பேச்சு நடக்கிறது, வாக்குச்சாவடி தெரிந்த இடத்தில் இருக்கிறது. 18ஐத் தாண்டியவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் சிதறிவிடுகிறார்கள். வியன்னாப் பிள்ளைக்கே இப்படி என்றால் டயகமப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

ஸ்கொட்லாந்தில் 2014 சுதந்திர வாக்கெடுப்பில் 16 வயதினரை விட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களின் பாராளுமன்றம் ஒருமனதாக அதை நிரந்தரமாக்கியது. பிரேசிலில் 1988 முதல் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம். ஆசியாவிலேயே இந்தோனேசியாவில் 17.

பாடத்திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் ஒன்பதாம் தரம் வரை குடியுரிமைக் கல்வியைக் கட்டாயமாகப் படிக்கிறார்கள். பத்தாம் தரத்தில் அது தெரிவுப் பாடமாகி, பலர் விட்டுவிடுகிறார்கள். பிரதேச சபை என்றால் என்னவென்று படித்துப் பத்து ஆண்டு கழித்து முதல் வாக்குப் போடுகிறவருக்கு அந்தப் பாடத்தில் என்ன மிஞ்சும்?

புறக்கோட்டையிலிருந்து

டீச்சர் முதல் பதிவில் எழுதினாரே, கொழும்புக் கடைக்கு வேலைக்கு வந்த ஆள், அது நான்தான். சொந்த ஊர் அக்கரப்பத்தனைப் பக்கம். 17 வயதில் வந்தேன், இப்போது 23.

2025 மே 6 ஒரு செவ்வாய்க்கிழமை. வாக்களிக்க விடுமுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலாளி இல்லை என்று சொல்லவில்லை. "போய்ட்டு வா, ஆனால் புதன்கிழமை காலையில் கடை திறக்கும்போது நிற்க வேண்டும்" என்றார். திங்கள் இரவு கடை அடைத்து, பஸ் பிடித்து, விடியற்காலை ஹட்டன், அங்கிருந்து தோட்டம், வாக்கு, மறுபடி இரவு பஸ். போக வரச் செலவும் இழந்த கூலியும் சேர்த்துப் பார்த்தேன். போகவில்லை. எங்கள் கடையில் வேலை செய்யும் மலையகப் பையன்களில் ஒருவன்தான் போனான்.

தபால் வாக்கு அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் தேர்தல் கடமையில் இருப்பவர்களுக்கும்தான். கடைச் சிப்பந்திக்குக் கிடையாது. சரி, கொழும்பிலேயே பதியலாம் என்று போர்டிங் அக்காவிடம் கேட்டேன். வீட்டுப் படிவத்தில் எங்கள் பெயரைப் போட்டால் பின்னால் வீட்டுக்கு உரிமை கேட்போமோ என்று பயப்படுகிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு நம் இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலி முகத்திடலில் திரண்டார்களே, அதில் பெரும்பாலும் கொழும்பில் வேலை செய்கிறவர்கள்தான். அத்தனை பேருக்கும் தோட்டத்தைப் பற்றிக் கவலை இருந்தது. வாக்குச்சாவடி மட்டும் எட்டாத தூரத்தில் இருந்தது. எனக்கு 16 வயதில் ஒரு முறை வாக்குக் கிடைத்திருந்தால், வாக்குச்சாவடியின் உட்பக்கம் எப்படி இருக்கும் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற அதிபர், பதுளை

பாடசாலை அதிபராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாகக் கடமை செய்திருக்கிறேன். பெரும்பாலும் தோட்டப் பாடசாலைகளில். மஸ்கெலியாத் தம்பிக்கு அந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

தலைவருக்குப் பயந்து வாக்களிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அடிக்கட்டையில் இலக்கம் இருப்பதைப் பார்க்கிறார்கள். கட்சி முகவர்கள் மேசையில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலில் கோடு போடுவதைப் பார்க்கிறார்கள். யாருக்குப் போட்டோம் என்பதை இந்த இலக்கத்தை வைத்துத் தலைவர் கண்டுபிடித்துவிடுவார் என்று முதியவர்கள் பலர் மனமார நம்புகிறார்கள். முகவர் கோடு போடுவது வந்தவர் யார் என்பதற்கு மட்டும்தான். அடிக்கட்டைகள் தனியாக முத்திரையிடப்பட்டுப் போகின்றன. இதை ஒரு மூதாட்டிக்கு வரிசையில் நிற்கும்போது விளக்க எனக்கு நேரமும் இல்லை, சட்டப்படி அதிகம் பேசவும் முடியாது. மறைப்புக்குள் போய் நின்று, "ஐயா, எதற்குப் போடுவது?" என்று வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டவர்கள் உண்டு.

இந்தச் சங்கதியைப் பதினோராம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுக்கலாம். அது வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அப்பாயிக்கும் சொல்லும். வங்கிப் படிவத்தையும் அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரண விண்ணப்பத்தையும் இன்றைக்கு லயத்தில் நிரப்பிக் கொடுப்பது யார்? பிள்ளைகள்தானே. வாக்கு விஷயத்தில் மட்டும் அவர்கள் பெரியவர்கள் சொல்வதைக் கேட்பார்கள், பெரியவர்களுக்கு எதையும் சொல்ல மாட்டார்கள் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள்?

பதிவு செய்வதும் சிரமமில்லை. 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள், அந்த விண்ணப்பத்தைப் பாடசாலை அதிபரே உறுதிப்படுத்துகிறார். பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் எல்லாம் அப்போதே மேசையில் இருக்கின்றன. அதே மேசையில் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் வைத்தால் போதும். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு படிவம் போய்ச் சேருவதில்தான் ஓட்டை விழுகிறது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, யார் கையிலோ போய், வாரக் கணக்கில் கிடக்கும். பாடசாலை வழியாகப் போனால் அந்தச் சுற்றே இல்லை.

உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் ஒரே ஒரு புள்ளடிதான். விருப்பு வாக்கு இலக்கம் கிடையாது, ஒன்று இரண்டு மூன்று கிடையாது. முதல் வாக்குக்கு அதைவிட எளிய சீட்டு வேறு இல்லை.

மஸ்கெலியாக்காரன்

அதிபர் ஐயா, அடிக்கட்டை விஷயத்தை ஏற்கிறேன். என் அம்மாவும் அப்படித்தான் நம்புகிறார். இன்று வரை நானும் அவருக்கு அதை விளக்கியதில்லை.

ஆனாலும் போத்தலும் அரிசி மூட்டையும் விளக்கத்தால் போகாது. என் வீட்டிலேயே ஒரு மகள் 16ஐத் தொடப் போகிறாள். தலைவர் வந்து "இப்போது உன் மகளுக்கும் வாக்கு இருக்கிறதாமே" என்று கேட்கும் நாளை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. டீச்சர் எழுதும் கோரிக்கையில், பாடசாலைக்குள் வேட்பாளர் வரக் கூடாது என்பதோடு, 18 வயதுக்குக் குறைந்தவர்களை வாக்குக்காக அச்சுறுத்துவதற்கும் அவர்களுக்குப் பொருள் கொடுப்பதற்கும் தனித் தண்டனை வேண்டும் என்றும் எழுதுங்கள். அது இல்லாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

அப்புத்தளை அப்பா

நான் இன்னும் சம்மதிக்கவில்லை. 18இல் இருப்பவர்களின் வாக்கு கொழும்பில் தொலைகிறது என்றால், அதற்கு மருந்து தனியார் துறைக்கும் தபால் வாக்குக் கேட்பதுதான். புறக்கோட்டைத் தம்பியின் பதிவைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. அதற்கு ஒரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

கொட்டகலை டீச்சர்

அதற்கும் எழுதுவோம் அண்ணா. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கவில்லை. தபால் வாக்கு வந்தால் புறக்கோட்டைத் தம்பி பயனடைவார். பாலத்தில் நடக்கும் மாணவிக்கு அது உதவாது. தனித்தனி மனுக்களாக எழுதி இங்கேயே போடுகிறேன். மஸ்கெலியாத் தம்பி கேட்ட தண்டனை விதியை எப்படி எழுதுவது என்று சட்டத்தரணி ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

உயர்தர மாணவி, இராகலை

எனக்கு ஒரு கேள்வி. வரும் ஜூலையில் எனக்கு 18 ஆகிறது. இந்த வருடத்து வீட்டுப் படிவத்தில் என் பெயர் இல்லை. அடுத்த வருடம்தான் சேர்க்க முடியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

கண்டிச் சட்டத்தரணி

உண்மையில்லை மகள். முன்பு அப்படி இருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தகுதித் திகதி பெப்ரவரி 1. அதற்குப் பின் ஆண்டின் நடுவில் 18 நிறைகிறவர்களைச் சேர்க்கத் துணை இடாப்பு முறை இருக்கிறது. பிறந்தநாள் கழிந்ததும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இரண்டின் பிரதிகளோடு உங்கள் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். படிவத்தை வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்ப வேண்டாம், நீங்களே கொடுங்கள். நிரப்பிய படிவத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கொடுத்த திகதியையும் குறித்து வையுங்கள். பெயர் வராவிட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்கும்போது அது வேண்டும்.

தண்டனை விதியின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன்.